வேந்தரின் நல்லாசியுடன் ஒரு பின்னம்

கோயமுத்தூரிலிருந்து பெருந்துறை போகிற பைபாஸ் ரோட்டோரம், முன்னொரு காலத்தில் பஞ்சு குடோனாக இருந்த இடத்தில் கொங்குமணி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நிற்கிறது. குடோனாக இருந்தபோது பஞ்சு மூட்டைகளுக்கு நம்பர் போட்டு அடுக்கினார்கள். பிறகு மாணவர்களுக்கு நம்பர் போட்டு அடுக்கினார்கள். மூட்டைக்காவது மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு.

அங்கே கணிதத் துறையில் பாலகோபால் என்று ஓர் இணைப் பேராசிரியர் இருந்தார். யாருடைய கண்ணிலும் படாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பதே அவருடைய இலட்சியம். கூட்டங்களில் தூணுக்குப் பின்னால் உட்காருவார். வாழ்த்துப்பா பாடும்போது வாயை மட்டும் அசைப்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் மத்தியானம் ஒரு போன் வந்தது.

பேசியது யுஸ்ரா என்ற மாணவி. கோட்டைமேட்டுப் பெண். அவள் அத்தா அப்துல் முத்தலிப் டவுன்ஹால் பக்கம் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறார். யுஸ்ராவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பல்கலைக்கழகத்தின் இணையவழிப் படிப்பில் எம்.எஸ்ஸி. கணிதம் சேர்ந்திருந்தாள். திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் அவளுடைய போன் வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டே பி.எஸ்ஸி.யை முடித்திருந்தாள்.

"சார், வகைக்கெழுச் சமன்பாடு பாடத்தைத் திறந்தா எனக்குப் படம், படம்னு மட்டுந்தானுங்க கேக்குது" என்றாள். "இந்தச் சமன்பாட்டின் தீர்வு, படம். எனவே, படம். இதிலிருந்து நமக்குத் தெளிவாவது என்னவென்றால், படம். எனக்கு ஒண்ணும் தெளிவாகலைங்க சார்."

பாலகோபால் பல்கலைக்கழக இணையதளத்தை அன்றுதான் முதன்முதலாகத் திறந்து பார்த்தார். அவள் சொன்னது சரி. சமன்பாடுகளை யாரோ காகிதத்தில் எழுதி, போனில் போட்டோ பிடித்து, அப்படியே ஒட்டி வைத்திருந்தார்கள். சில படங்களில் காகிதத்தைப் பிடித்திருந்த கட்டைவிரலும் விழுந்திருந்தது. ஒரு முக்கியமான தொகையீட்டின் மேல் எல்லையை அந்தக் கட்டைவிரல் முழுசாக மறைத்திருந்தது. கண் தெரிந்த பிள்ளைகள் இந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் ரெண்டு வருஷமாகப் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன் தேஜாவிடம் போய்க் கேட்டார். தேஜா தலை நிமிராமலே சொன்னான். சமன்பாட்டைச் சாதாரண ஆங்கில எழுத்தில், பின்னத்துக்கு ஒரு குறி, வர்க்கமூலத்துக்கு ஒரு குறி என்று தட்டினால் போதும், இணையப் பக்கத்தில் அதைப் பின்னமாகவும் வர்க்கமூலமாகவும் அழகாக வரைந்து காட்டுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற கணக்குப் பிரியர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதையும் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: எழுதியவர்கள் பெயரை அழிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. அது சமன்பாட்டை வாய்விட்டும் சொல்லும்.

அன்றைக்கே தேஜா ஒரு தனிப் பக்கத்தில் அதைச் சேர்த்துக் கொடுத்தான். பாலகோபால் ஒரு சமன்பாட்டைத் தட்டிவிட்டு யுஸ்ராவிடம் அதைத் திறந்து பார்க்கச் சொன்னார். போனின் மறுமுனையில் ஒரு இயந்திரக் குரல், டீ ஒய் பை டீ எக்ஸ் என்று ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் சொல்லி முடித்தது. யுஸ்ரா அதை மறுபடியும் ஓடவிட்டாள். மூன்றாவது முறையும் ஓடவிட்டாள்.

"சார், இது இவ்வளவு சின்னச் சமன்பாடுங்களா?" என்று கேட்டாள். "நான் என்னமோ பெருசா இருக்கும்னு பயந்துகிட்டே இருந்தனுங்க."

இந்த ஒரு வாக்கியம்தான் பாலகோபாலைக் கெடுத்தது. தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து, இதைப் பல்கலைக்கழகப் பாடங்களில் சேர்க்க அனுமதி கேட்டு, பதிவாளர் பொங்கியண்ணனைப் பார்க்கப் போனார்.

பொங்கியண்ணன் மரியாதை தெரிந்த மனிதர். ஆளை வேலையை விட்டு நீக்கும்போதுகூட உட்கார வைத்து இளநீர் கொடுத்துத்தான் நீக்குவார். பாலகோபால் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"ரொம்ப நல்லதுங்க. அந்த ஓனரு எந்த ஊருங்க?"

ஓனர் என்று யாரும் இல்லை, பல பேர் சேர்ந்து எழுதியது என்றார் பாலகோபால்.

"அதெப்படீங்க. இந்த கேட்டுக்குள்ள ஒரு குண்டூசி வந்தாலும் திறப்பு விழா வெக்கோணும். திறப்பு விழான்னா பொன்னாடை போத்தோணும். ஓனரே இல்லாத சாமானுக்கு நான் பொன்னாடையை யாருக்குங்க போத்தறது?"

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்கூட பாலகோபாலை இப்படி மடக்கியவர்கள் கிடையாது. விஷயம் ஆழமானது, ஒரு குழு போட்டுத்தான் முடிவு பண்ணோணும் என்றார் பதிவாளர்.

சமன்பாடு காட்சிப்படுத்தல் உயர்மட்டக் குழு என்று பெயர் வைத்தார்கள். அதில் உடற்கல்வி இயக்குநர், உணவக மேலாண்மைத் துறைத் தலைவர், பாதுகாப்பு அதிகாரி, சட்ட ஆலோசகர் ஆகியோர் இருந்தார்கள். கணிதத் துறையிலிருந்து ஒருவரும் இல்லை. அவர்கள் சமன்பாடுகளுக்குச் சாதகமாகப் பேசக்கூடும், நடுநிலை கெட்டுவிடும் என்று குறிப்பில் காரணம் எழுதியிருந்தது. குழுவுக்குத் தலைவர், மின்னியல் கல்வி இயக்குநர் சசிதர். அவர் தன் அறையில் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு வைத்திருப்பார். அதை ஒருவரும் தொடக் கூடாது, அவரும் தொட மாட்டார்.

விளக்கம் சொல்ல பாலகோபாலைக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே எல்லாம் திறந்து கிடக்கிற மென்பொருள் என்றால் கள்ளனும் பார்ப்பானே என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார். பூட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பத்திரம் என்று சொல்கிற மென்பொருளை அவர் தம் ராணுவ வாழ்க்கையில் பார்த்ததே இல்லையாம். சட்ட ஆலோசகர் அந்த மென்பொருளின் உரிமப் பத்திரத்தை அச்செடுத்து வந்து, "எந்த உத்தரவாதமும் கிடையாது" என்ற வரிக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். அவங்களே ஒத்துக்கறாங்க பாருங்க என்றார். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் படிவத்திலும் அதே வரி இருப்பது பாலகோபாலுக்கு நினைவு வந்தது. சொல்லவில்லை. உடற்கல்வி இயக்குநர் மட்டும், பின்னம் என்றால் மேலே ஒன்று கீழே ஒன்று நிற்க வேண்டுமா, இரண்டையும் ஒரே வரிசையில் அட்டென்ஷனில் நிறுத்த முடியாதா என்று அக்கறையோடு கேட்டார்.

பாலகோபால் அந்தப் பெண் பரீட்சை எழுத வேண்டுமே என்று நினைவூட்டினார்.

"அவங்களுக்குத்தான் கண்ணு தெரியாதுங்களே," என்றார் சசிதர், மிகவும் பொறுமையாக. "காட்சிப்படுத்தல்ல அவங்களுக்கு என்னங்க அக்கறை?"

குழு இதைக் குறிப்பில் ஏற்றிக்கொண்டது.

சமன்பாடுகளைப் பற்றி அமைதியான சூழலில் சிந்திப்பதற்காகக் குழுவினர் பிறகு குடும்பத்தோடு வால்பாறை போனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உணவக மேலாண்மைத் தலைவருக்கு வாந்தி வந்தது தவிர வேறு இடையூறு இல்லை. திரும்பி வந்து அறிக்கை கொடுத்தார்கள். அதில் தேயிலைத் தோட்டத்தின் பனி பற்றியும், பங்களாவில் போட்ட கோழிக்குழம்பு பற்றியும் விரிவாக இருந்தது. சமன்பாடு பற்றி ஒரு வரி இருந்தது. மேலும் ஆராயப்பட வேண்டியது.

இதற்குள் சேதி வேந்தரின் காதுக்குப் போய்விட்டது. வேந்தர் பம்ப்செட் வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். எது காதில் விழுந்தாலும் அதில் தன் பெயர் எங்கே வரும் என்று முதலில் பார்த்துவிடுவார். ஊரான் எழுதியது நமக்கு எதற்கு, நாமே சொந்தமாகச் செய்வோம் என்று சொல்லிவிட்டார். வேலை அவருடைய மச்சினனின் கம்பெனிக்குப் போயிற்று. பெருந்துறை சிப்காட்டில் இருக்கிற அந்தக் கம்பெனி அதுவரை மாட்டுத்தீவன மூட்டைக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் அதிவேகமாக ஒரு மென்பொருளைச் செய்து முடித்தார்கள். அதன் பெயர் வேந்தர் சமன்பாட்டுச் சுடர். தேஜா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு பாலகோபாலை கேன்டீனுக்குக் கூட்டிப்போனான். இது அதே மென்பொருள்தான் சார் என்றான். ஒரு எழுத்து மாறவில்லை. எழுதியவர்களின் பெயர்கள் இருந்த பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு வேந்தரின் போட்டோவை வைத்திருக்கிறார்கள். தேஜாவைப் போன்றவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே போய்த் திறந்து பார்க்க முடியாதபடி பூட்டும் போட்டிருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரிக்கு அதில் பரம திருப்தி.

சொந்தமாக அவர்கள் சேர்த்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு சமன்பாட்டையும் வாசிப்பதற்கு முன்னால் "மாண்பமை வேந்தர் அவர்களின் நல்லாசியுடன்" என்று குரல் ஒலிக்கும். அதைச் சமன்பாட்டுக்கு ஒருமுறை வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. லேபிள் அடித்த பழக்கத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒன்று ஒட்டிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். கணிதத் துறை ஆசிரியர்கள் எல்லாரும் பட்டுச் சேலை, பட்டு வேட்டியில் வந்து வரிசையாக நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வேந்தர் விளக்கேற்றினார். மச்சினனுக்குப் பொன்னாடை போர்த்தினார். பொங்கியண்ணன் முகத்தில் பல மாதம் கழித்து நிம்மதி தெரிந்தது. பிறகு வேந்தர் பேசினார்.

"எனக்குக் கணக்கு வராதுங்க. அதை நான் மறைக்கறதில்லை. எட்டாவதுல கணக்கு வாத்தியாரு என்னைய பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துனாரு. இன்னைக்கு நான் வந்தா இத்தனை கணக்கு வாத்தியாருங்க எந்திரிச்சு நிக்கறாங்க. இதுதானுங்க கல்வியோட சக்தி." கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார். "என்னமோ எலவசமாக் கெடைக்குதுன்னு ஒருத்தர் சொன்னாராம். எலவசமாக் கெடைக்கறதை யாருங்க மதிக்கறாங்க? காத்து எலவசம். அதை என்னைக்காவது நாம மதிச்சிருக்கோமுங்களா? அதனாலதான் இந்த வளாகத்துல புள்ளைங்களுக்கு எதையுமே நாங்க எலவசமாக் குடுக்கறதில்லை. அவங்க படிப்பை மதிக்கோணும்கற ஒரே நல்ல எண்ணந்தான்."

பாலகோபாலும் கைதட்டினார். பட்டு வேட்டியில் நின்றுகொண்டு கைதட்டாமல் இருக்க வேறு தைரியம் வேண்டும்.

அப்புறம் யுஸ்ராவை மேடைக்குக் கூட்டிவந்தார்கள். பார்வையற்ற மாணவிக்குச் சுடர் கொடுத்த வேந்தர் என்று மேடையின் பின்னால் எழுதியிருப்பது அவளுக்குத் தெரியாது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அத்தாவுக்குத் தெரிந்தது. போனை ஒலிபெருக்கியில் கோத்து ஒரு சமன்பாட்டை ஓடவிட்டார்கள்.

மாண்பமை வேந்தர் அவர்களின் நல்லாசியுடன், ஒய் என்றது சுடர். கூட்டம் கைதட்டியது. மாண்பமை வேந்தர் அவர்களின் நல்லாசியுடன், சமம். கூட்டம் கைதட்டியது. வேந்தர் பெயர் கேட்டால் தட்ட வேண்டும் என்று முதலாமாண்டிலேயே பழக்கிவைத்த கைகள் அவை. எடுத்துக்கொண்ட சமன்பாட்டில் ஒரு பின்னம் இருந்தது, அந்தப் பின்னத்துக்குள் இன்னொரு பின்னம் இருந்தது, அதற்குள் ஒரு வர்க்கமூலம் இருந்தது. தொகுதிக்கு ஒரு நல்லாசி, பகுதிக்கு ஒரு நல்லாசி, நடுவில் இருக்கும் கோட்டுக்கும் ஒரு நல்லாசி. வேந்தர் முதலில் கும்பிட்டார், பிறகு கும்பிட்ட கையை இறக்கவே முடியாமல் அப்படியே நின்றார். பாதிச் சமன்பாடு தாண்டுவதற்குள் முன்வரிசை வியர்த்துவிட்டது.

ஒருவழியாக முடிந்ததும் சசிதர் மைக்கை யுஸ்ராவிடம் நீட்டி, எப்படி இருந்ததும்மா, சொல்லு என்றார்.

"வேந்தர் ஐயா வாரதெல்லாம் தெளிவாக் கேட்டதுங்க" என்றாள் யுஸ்ரா. "எக்ஸ் எங்க வந்துச்சுன்னுதான் தெரியலைங்க."

இதற்கும் கைதட்டினார்கள். பொங்கியண்ணன் மட்டும் தட்டவில்லை. அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பந்தியில் இலை போடும்போது பாலகோபாலின் பக்கத்தில் வந்து, அம்மணிக்கு இப்படிப் பேச யாருங்க சொல்லிக்குடுத்தது என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சுடரில் ஒரு பாடம் கேட்டு முடிக்க ஒரு பகல் ஆயிற்று என்று யுஸ்ரா சொன்னாள். அதை அவள் புகாராகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நல்லாசிக்கும் நடுவில் தான் கேட்டதை மறந்துவிடாமல் இருக்க, எக்ஸை விரலில் மடக்கிப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். பாலகோபால் பட்டு வேட்டியில் நின்று தட்டிய கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு லேப்டாப்பைத் திறந்தார்.

வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடங்களை ஒவ்வொன்றாக அவரே தட்ட ஆரம்பித்தார். கட்டைவிரல் மறைத்த இடங்களைப் புத்தகம் பார்த்து நிரப்பினார். தேஜா பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு பக்கம் ஏற்பாடு செய்து, அந்த இலவச மென்பொருளை அதன் சொந்தப் பெயரோடு, எழுதியவர்களின் பெயரோடு சேர்த்துக் கொடுத்தான். யுஸ்ராவுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது. அவள் தன் சிநேகிதிகளுக்குச் சொன்னாள். கண் தெரிந்தவர்களும் வர ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் சுடர் பக்கம் வேந்தரின் மச்சினனைத் தவிர வேறு யாரும் போவதில்லை என்று ஆயிற்று. அவரும் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனார்.

விளக்கம் கேட்டு பாலகோபாலுக்குக் கடிதம் வந்தது. குற்றச்சாட்டு ஒரே வரிதான்: பல்கலைக்கழகத்தின் சமன்பாடுகளை உரிய அனுமதியின்றித் தெளிவாகக் காட்டியமை.

விசாரணைக்கும் அதே குழுதான். பாலகோபால் மன்னிப்புக் கேட்கும் உத்தேசத்தோடுதான் போனார். வீட்டில் மனைவி பிரீத்திகாவிடம் ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். ஆனால் சசிதர் கேட்ட கேள்வி அவரைத் தடுமாற வைத்துவிட்டது. நம்ம சமன்பாட்டை வெளியாளுங்க யார் வேண்ணாலும் பாக்கற மாதிரி வெச்சுட்டீங்களே, நாளைக்கு வேற காலேஜ்காரன் அதே சமன்பாட்டைப் போட்டுக்கிட்டா என்னங்க பண்றது என்று சசிதர் உண்மையான கவலையோடு கேட்டார்.

"போட்டுக்கட்டுமுங்க" என்றார் பாலகோபால். "அது நம்முளுது இல்லைங்களே."

அவர் சொன்னது சமன்பாட்டைப் பற்றி. குழு அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்தைத் தம்முடையது இல்லை என்று கூறியவர் என்று குறிப்பில் ஏறியது. பொங்கியண்ணன் இளநீர் வரவழைத்தார். இளநீரைப் பார்த்ததும் பாலகோபாலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பணியிடை நீக்க உத்தரவில் இரண்டு பகுதிகள் இருந்தன. முதல் பகுதி, அவர் வளாகத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. இரண்டாவது பகுதி, பரீட்சை முடியும்வரை அவருடைய பக்கத்தை எந்தக் குறைவும் இல்லாமல் நடத்த வேண்டும். ஏனென்றால் சுடர் என்று போட்டிருந்த பொத்தானை அமுக்கினால் பாலகோபாலின் பக்கத்துக்குப் போகும்படி சசிதர் சத்தமில்லாமல் மாற்றச் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் மொத்தப் பேரும் இப்போது அந்தக் குற்றத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரீத்திகா உத்தரவை இரண்டு தடவை படித்தாள். அந்தப் பக்கத்தை மூடிப்போடுங்க, என்ன பண்ணுறாங்கன்னு பாக்கலாம் என்றாள். அவள் கோபம் நியாயமானது. பாலகோபாலும் மூடுவதற்குத்தான் லேப்டாப்பைத் திறந்தார். அந்த நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரு மூலையில் காட்டிக்கொண்டிருந்தது. காங்கேயத்திலும் வால்பாறையிலும் எங்கெங்கோ பிள்ளைகள் நாலாவது பாடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் மூடவில்லை. ஐந்தாவது பாடம் இன்னும் தட்டாமல் கிடந்தது, அதை ஆரம்பித்தார்.

யுஸ்ரா பரீட்சை எழுதினாள். கேள்வியைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார், அவள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். முதல் வகுப்பில் தேறினாள். பாலகோபாலின் விசாரணை முடியவே இல்லை. அவர் தெளிவாகக் காட்டினாரா இல்லையா என்பதை நேரில் பார்த்து முடிவெடுக்கக் குழு மறுபடி வால்பாறை போக வேண்டியிருந்தது.

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பாலகோபால் ஸ்கூட்டரில் ஹோப் காலேஜ் சிக்னல் தாண்டி வந்தபோது ரோட்டோரம் புதிதாக ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டி நின்றார். வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு வேந்தர் சிரித்தார். அவருடைய வலது தோள்பட்டைக்குக் கீழே தபால்தலை அளவுக்கு யுஸ்ராவின் முகம் இருந்தது. சுடரால் ஒளி பெற்ற மாணவி என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, இது கணக்குப் படிப்பு என்று ஜனங்களுக்குப் புரிவதற்காக, ஒரு சமன்பாடு.

பேனர் அடிக்கிற கடையில் சமன்பாட்டை வரைந்து காட்டும் மென்பொருள் ஏது? மச்சினனின் கம்பெனி தட்டிக் கொடுத்த எழுத்தை அப்படியே அச்சடித்துவிட்டார்கள். என்ன சமன்பாடு போடுவது என்று கேட்டதற்கு, ஒண்ணும் பூஜ்யமும் போடுங்க, கம்ப்யூட்டருன்னா அதுதான் என்று சசிதர் சொன்னாராம். இதைப் பின்னால் தேஜா சொன்னான்.

பாலகோபால் யுஸ்ராவுக்குப் போன் போட்டார். பேனரில் அவள் படம் வந்திருப்பதைச் சொன்னார். அவள் படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சமன்பாட்டை வாசிங்க சார் என்றாள்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அச்சடித்திருந்ததை எழுத்து எழுத்தாக வாசித்தார். பேக்ஸ்லாஷ். எஃப், ஆர், ஏ, சி. அடைப்புக்குள் ஒன்று. அடுத்த அடைப்புக்குள் பூஜ்யம்.

"அப்ப அது பின்னமுங்க சார். மேல ஒண்ணு." என்றாள் யுஸ்ரா. "கீழ பூஜ்யமுங்களா?"

"பூஜ்யம்தாம்மா. ரெண்டாள் உசரத்துக்கு."

பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். யுஸ்ரா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்து பாலகோபால் கேட்டதே இல்லை. அவள் அத்தா என்னம்மா என்னம்மா என்று பின்னாலிருந்து கேட்பதும், அவளால் சொல்ல முடியாமல் போவதும் போனில் கேட்டது.

"யாரும் இன்னும் அவங்ககிட்டச் சொல்லலையுங்களா சார்?"

யாரும் சொல்லவில்லை என்றார் பாலகோபால். பதிவாளரும் குழுவும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதை அன்றைய பேப்பரில் அவர் பார்த்திருந்தார்.

"நீங்களும் சொல்லிப்போடாதீங்க சார்" என்றாள் யுஸ்ரா. "அவங்க சமன்பாடு. அவங்களே வெச்சுக்கட்டும்."

பாலகோபால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பேனர் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. கட்டியிருந்த கயிறு நல்ல கயிறாகத்தான் தெரிந்தது, எப்படியும் ஐப்பசி மழை வரைக்கும் தாங்கும்.